ஓய்வு தரும் விடுமுறை: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக்குப் போய் வந்த பிறகு உங்களுக்கு உண்மையாகவே ஓய்வு கிடைத்ததா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: புறப்பட்டபோது இருந்த களைப்பைவிடத் திரும்பியபோது இருந்த களைப்பே அதிகம். அவற்றுள் சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் கணவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். மே மாதத்தில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் நான்கு நாள் வெளியூர் போவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு ஊட்டி, மைசூரு, குடகு மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம் என்கிறார் கணவர். போன ஆண்டு இப்படி ஒரு சுற்று போய் வந்த மறுநாளே நான் காய்ச்சலில் படுத்தேன். வேண்டாம் என்றால், வருடத்தில் ஒரு தடவைதானே என்று எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். என்ன செய்வது?
ஆசிரியை, பென்னாகரம்

சகோதரி, உங்கள் கணவர் போட்டிருக்கும் சுற்றை முதலில் ஒரு தாளில் எழுதி, இருவருமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். தருமபுரியிலிருந்து சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அங்கிருந்து மைசூருவுக்கு 125, மைசூருவிலிருந்து குடகின் மடிக்கேரிக்கு 120, மடிக்கேரியிலிருந்து பெங்களூரு, ஓசூர் வழியாக வீடு திரும்ப 400 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 900 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. மலைப்பாதையையும் ஊர்களுக்குள் இருக்கும் நெரிசலையும் சேர்த்தால் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதே பெரிது. ஆகவே நீங்கள் ஆறு பேரும் 22 மணி நேரத்துக்கு மேல் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்; நான்கு நாள் பகல் பொழுதில் ஏறக்குறைய பாதி சாலையிலேயே கழிந்துவிடும்.

இதில் கடிகாரத்தின் கெடுபிடியும் உண்டு. ஊட்டியிலிருந்து மைசூரு போகும் சாலை முதுமலை, பந்திப்பூர் காடுகளின் ஊடாகச் செல்கிறது. பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களை விடுவதில்லை. தாவரவியல் பூங்காவில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓடியாடினால், அந்த ஒரு மணி நேரம் உங்கள் நெஞ்சில் பாரமாக ஏறிவிடும். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அவர்களை விரட்டுகிறவராக நீங்கள் மாறிவிடுவீர்கள். பள்ளியில் பத்து மாதம் மணியடித்து மணியடித்துப் பாடம் நடத்திய உங்களுக்கு, விடுமுறையிலும் ஒரு மணி அடித்துக்கொண்டே இருப்பது எப்படி ஓய்வாகும்?

நானும் ஒரு மே மாதத்தில் என் அம்மாவை ஊட்டிக்கு அழைத்துப் போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும்போது வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. மதியம் போய்ச் சேர்ந்தால், முன்பணம் கட்டியிருந்த விடுதியில் மாலை வரை அறை தரவில்லை. அம்மா வரவேற்பறையின் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, யாரும் எழுப்பிவிடுவார்களோ என்று தயங்குகிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஐந்து இடங்கள் பார்த்தோம். அவற்றில் ஒன்றைப் பற்றியும் அவர் பிறகு பேசியதில்லை. திரும்பும் நாளில் தேயிலைத் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்தி, பனி விலகுவதைப் பார்த்தபடி சும்மா நின்றிருந்த இருபது நிமிடங்களைப் பற்றித்தான் இன்றும் பேசுகிறார். அன்றிலிருந்து, ஒரு பயணத்தில் எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எதை விடுவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

இதற்கு ஆராய்ச்சியின் துணையும் இருக்கிறது. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவர்களுள் விடுமுறைப் பயணம் போன 974 பேருக்குப் புறப்படும் முன்பு மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. ஆனால் திரும்பி வந்த பிறகு, வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பயணம் மிகவும் நிதானமாக அமைந்தது என்று சொன்னவர்களிடம் மட்டுமே அந்த மகிழ்ச்சி சில வாரங்களாவது தங்கியது. அலைச்சலோடு போனவர்களுக்குப் பயணத்தின் பலன் பயணத்தோடு முடிந்துவிட்டது.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: நான்கு நாட்களில் ஒரே ஊர், ஒரே அறை, மூன்று இரவு. மலைதான் வேண்டுமென்றால் ஏற்காடு அருகிலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். காலைச் சிற்றுண்டியை வீட்டில் முடித்துக்கொண்டு புறப்பட்டால் மதிய உணவுக்கு அங்கே இருப்பீர்கள். மே மாதக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்நாட்களில் ஏரிக்கரையில் நிற்பதற்குக்கூட இடம் கிடைப்பதில்லை. ஊட்டியையே பிள்ளைகள் கேட்டால் ஊட்டிக்கே போங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடுங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்பதால், அதை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே வாக்குவாதம் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரிடமும் அவர் மிகவும் விரும்பும் ஒன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படகுச் சவாரி, மாமனாருக்கு மாலை நடை, மாமியாருக்கு ஒரு கோயில், கணவருக்கு நல்ல காபியும் ஒரு மலைமுகடும் என்று எழுதிப் பார்த்தால், ஆறு ஆசைகளும் பெரும்பாலும் ஒரே ஊருக்குள் அடங்கிவிடும்.

உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதப் போகிறீர்கள்? அதைக் கட்டாயம் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அது எங்கும் இல்லை. வெந்நீர்க் குடுவை, மாமியாரின் மாத்திரை, பிள்ளைகளின் மாற்றுடை, வழிக்குக் கட்டிய புளியோதரை ஆகிய அனைத்தையும் நினைவில் சுமந்துகொண்டு போகிறவர் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அந்தக் காய்ச்சலுக்குச் சாலை மட்டும் காரணமாக இருந்திருக்காது. இந்த முறை பெட்டி கட்டுவதைக் கணவரிடமும், மாத்திரைப் பொறுப்பை மாமனாரிடமும் ஒப்படையுங்கள். ஏதேனும் ஒன்று மறந்து போனால் அங்கே கடையில் வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வந்த மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் ஒரு நாளை வீட்டில் இருப்பதற்கென்று ஒதுக்குங்கள். அந்த நாளையும் விடுமுறைக் கணக்கிலேயே சேருங்கள்.

கேள்வி: நாங்கள் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். இரண்டு கறவை மாடுகளும் உண்டு. கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல ஒரு இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. என் மனைவி இதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று உண்டா?
விவசாயி, சூளகிரி வட்டம்

ஐயா, உண்டு. உங்கள் தொழிலுக்குள்ளேயே அதற்கு ஓர் இடைவெளி இருக்கிறது, ஆனால் அதை வேறு வேலைகளால் நிரப்பிவிடுவதே நம் வழக்கமாகிவிட்டது.

புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடந்து கூடு கட்டுகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காக எழுதுகிறேன். மொத்த இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடைசிப் பருவத்தின் ஏழெட்டு நாட்களிலேயே தின்று தீர்த்துவிடுகிறது. இரவில் புழு வளர்ப்பு மனைக்குள் நின்றால் புழுக்கள் இலையைக் கொறிக்கும் ஓசை, ஓட்டின் மீது தூறல் விழுவதைப் போலக் கேட்கும். அந்த நாட்களில் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் ஒருவர் மனையை விட்டு அசைய முடியாது. ஆனால் கூட்டை அறுவடை செய்து, அங்காடியில் விற்று, மனையைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்த பிறகு அடுத்த இளம்புழு வந்து இறங்கும் வரை சில நாட்கள் கிடைக்கின்றன. இளம்புழு வளர்ப்பு மையத்தில் அடுத்த தொகுதிக்குத் தேதி சொல்லும்போது வழக்கத்தைவிட நான்கு நாள் தள்ளிச் சொல்லுங்கள். வருடத்தில் ஒரே ஒரு தொகுதிக்கு மட்டும் இப்படிச் செய்தால் போதும். தோட்டத்தில் இலை நான்கு நாள் முற்றுவதால் வரும் இழப்பையும், பதினாறு வருடங்களாக நீங்கள் விட்டுக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாடுகளுக்கு மாற்றாள் ஏற்பாடு செய்வதுதான் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். கூலிக்கு ஆள் தேடுவதைவிட, உங்களைப் போலவே மாடு வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் முறை பேசிக்கொள்ளுங்கள்: இந்தத் தடவை அவர் உங்கள் மாடுகளைப் பார்ப்பது, அடுத்த தடவை அவர் குடும்பம் போகும்போது நீங்கள் பார்ப்பது. உழவுக்கும் நடவுக்கும் இப்படி ஆள் மாற்றிக்கொண்டவர்கள்தானே நாம். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர் வந்து இரண்டு மூன்று நாள் பால் கறக்கட்டும். மாடும் அவர் கைக்குப் பழகிவிடும், உங்கள் மனைவிக்கும் மனம் நிலைப்படும்.

கடலைப் பார்க்கப் புதுச்சேரி உங்களுக்கு நல்ல வழி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை. அங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. இரண்டு பகுதியும் ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால், ஒரே மூச்சில் போகாமல் முதல் இரவைத் திருவண்ணாமலையில் கழியுங்கள். பௌர்ணமியை ஒட்டி மட்டும் போக வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, பேருந்திலும் இடம் கிடைக்காது. மறுநாள் மெதுவாகப் புறப்பட்டால் மாலையில் கடற்கரைச் சாலையில் இருக்கலாம். அந்நேரத்தில் அங்கே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே உரியதாகிவிடும். அன்று மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள். விடிவதற்கு முன் எழுந்து மீண்டும் கடற்கரைக்கு வாருங்கள். கிழக்குக் கடலில் சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து மேலே வருவதை உங்கள் மனைவி முதன்முதலாகப் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். நகரின் அந்தக் கரையில் பாறைகள் கொட்டியிருப்பதால் இறங்கிக் குளிக்க முயல வேண்டாம். கால் நனைக்க மணற்பாங்கான இடத்தைக் கேட்டு அறிந்து, முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாமல் நின்றுகொள்ளுங்கள்.

சம்பளக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் வருகிறவர்களால் புதுச்சேரியில் அறை வாடகை ஏறிவிடுகிறது. நீங்கள் செவ்வாயில் புறப்பட்டு வெள்ளியில் திரும்பலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம், அதைத் தவிர்த்து தை, மாசியில் வைத்துக்கொண்டால் வெயிலும் இதமாக இருக்கும்.

கேள்வி: மலைப்பாதையில் ஏறினாலே என் எட்டு வயது மகனுக்கு வாந்தி வருகிறது. அவனால் ஏலகிரிக்குக்கூடப் போக முடியவில்லை. என்ன செய்யலாம்?
இல்லத்தரசி, பர்கூர்

ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவனைச் சன்னலோரம் உட்காரவைத்து, தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கைப்பேசியும் கதைப் புத்தகமும் கையில் இருக்கக் கூடாது. வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். ஏழாவது வளைவு வாக்கில் பாதுகாப்பான இடம் பார்த்துப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மாத்திரை கொடுப்பதாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் அளவைக் கேட்டுக் கொடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மலையை இரண்டு வருடம் விட்டுவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர இது குறைந்துவிடும். அதுவரை சமவெளியில் ஆறும் அணையும் இருக்கின்றன.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வாரம் மாறி வாரம் பகலும் இரவுமாக ஷிப்டு பார்க்கிறேன். வயது 29. நான்கு நாள் விடுப்புக் கிடைத்தால் யாரும் இல்லாமல் தனியாக எங்காவது இருக்க வேண்டும் போலிருக்கிறது. வீட்டில் சொன்னால் என்ன கவலை, யாரோடு சண்டை என்று விசாரிக்கிறார்கள். இப்படி விரும்புவது தவறா?
தொழிலாளி, ஓசூர்

தம்பி, தவறே இல்லை. எந்த விதத்தில் களைத்திருக்கிறோமோ அதற்கு ஏற்ற விடுமுறைதான் நம்மைத் தேற்றும். வீட்டுக்குள்ளேயே ஆண்டு முழுவதும் இருப்பவருக்கு நாலு பேரோடு கலகலப்பாக இருப்பது ஓய்வு. எந்திர ஓசையிலும் மேற்பார்வையாளரின் குரலிலும் நாளைக் கழிக்கும் உங்களுக்கு யாரும் பேசாமல் இருப்பதே ஓய்வு. உங்கள் அம்மாவிடம், ‘தனியாக இருக்க வேண்டும்’ என்று சொல்வதற்குப் பதில், ‘நான்கு நாளும் நன்றாகத் தூங்க வேண்டும், தினமும் இரவு எட்டு மணிக்கு உங்களுக்குப் போன் பண்ணுவேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்பது நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்ற செய்தியைத்தான்.

இரவு ஷிப்டு முடிந்த காலையிலேயே பேருந்து ஏறாதீர்கள். குறிப்பாக இருசக்கர வாகனத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் கணவாய் வரை அந்த நெடுஞ்சாலையில் எத்தனை விபத்துச் செய்திகளைப் படிக்கிறோம். முதல் நாள் முழுவதையும் அறையில் தூக்கத்துக்கே கொடுத்துவிட்டு மறுநாள் புறப்படுங்கள்.

எங்கே என்றால், அரூருக்கு அருகிலுள்ள தீர்த்தமலையைச் சொல்வேன். விசேஷ நாட்களையும் விடுமுறை நாட்களையும் தவிர்த்தால் படிகளில் கூட்டம் இருக்காது. காலை வெயில் ஏறும் முன் மெதுவாக ஏறி, பாறையிலிருந்து இராமர் தீர்த்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். தங்குவதற்கு அரூரில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். பல விடுதிகளில் தனியாக வரும் ஆளுக்கு அறை தரத் தயங்குகிறார்கள் என்பதால் முதலிலேயே தொலைபேசியில் பேசி, அடையாள அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். தளி, அஞ்செட்டிப் பக்கம் போக நினைத்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: அது யானைகள் நடமாடும் காடு. அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலையில் பொழுது சாய்ந்த பிறகு தனியாக வண்டி ஓட்டுவது எவ்வளவு அமைதியாக இருந்தாலும் கூடாது.

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. இருவருக்கும் முழங்கால் வலி உண்டு. காசி, இராமேசுவரம் இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு நாள் குழுப் பயணத்தில் போய் வாருங்கள் என்கிறார்கள் பிள்ளைகள். ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.
ஓய்வு பெற்ற அலுவலர், தருமபுரி

பெரியவரே, ஆசையை விட வேண்டாம், ஆனால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு இராமேசுவரம் மட்டும். உடம்பு ஒத்துழைத்தால் அடுத்த ஆண்டு காசி. குழுவோடு போகும்போது நாற்பது பேருடைய நேரத்துக்கு நீங்கள் ஓட வேண்டியிருக்கும். நீங்கள் கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் பேருந்தில் எல்லோரும் காத்திருக்கிறார்களே என்ற கூச்சமே முழங்கால் வலியைவிட அதிகமாக வாட்டும்.

இரயிலில் 60 நாட்களுக்கு முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போது பிள்ளைகள் அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். போகும் சீட்டோடு திரும்பும் சீட்டையும் எடுத்துவிட்டால்தான் அங்கே மனம் நிலைத்திருக்கும்.

இராமேசுவரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது வழக்கம். வாளியில் இறைத்து ஊற்றுகிற தண்ணீர் நாள் முழுவதும் கல்தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஈர வேட்டியோடு அந்தத் தரையில் நடப்பது நல்ல கால்களுக்கே சோதனை. ஆகவே தீர்த்தமாடுவதை ஒரு நாளும் தரிசனத்தை மறுநாளுமாக வைத்துக்கொள்ளுங்கள். 22-ம் முடியாது என்று தோன்றினால் கடலோரத்து அக்னி தீர்த்தத்தில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்துவிடுங்கள். இறைவன் கணக்குப் பார்க்கமாட்டான். பிரகாரத்தின் நீளமான தூண் வரிசையை நடந்து முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். பாம்பன் கடலின் மீது இரயில் போகும்போது பகல் வெளிச்சம் இருக்குமாறு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் அது. நீங்கள் இருவரும் சன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டிய காட்சி.

கேள்வி: கணவர் தக்காளி மண்டியில் சுமை தூக்குகிறார், நான் தையல் வேலை பார்க்கிறேன். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் எல்லோரும் எங்கெங்கோ போய் வந்ததைச் சொல்லி ஏங்குகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் ஒதுக்க முடியாது. ஒகேனக்கல் போனாலே செலவாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, பாலக்கோடு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒகேனக்கல் நமக்கு அடுத்த வீடு மாதிரி. தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் எல்லாப் பேருந்துகளிலும் அது கிடையாது, அதனால் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆடிப்பெருக்கும் வேண்டாம். பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாயோ புதனோ, காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருக்குமாறு போங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டால், வறுத்த மீன் மட்டும் அங்கே ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுக்கலாம். கர்நாடகத்தில் மழை பெய்து காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டால் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும் என்பதால், முதல் நாள் செய்தியில் நீர்வரத்து எத்தனை கனஅடி என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். பரிசலில் ஏறுவது என்றால் கட்டணத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்து, உயிர்காப்பு மேலாடை போட்ட பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள். பரிசல் கைக்கு எட்டாது என்றால் விட்டுவிடுங்கள். தொங்குபாலத்தில் நின்று அருவியைப் பார்ப்பதிலும், பாறை மேல் எழும் நீர்ப்புகை முகத்தில் படுவதிலும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி ஒன்றும் குறையாது. புகையும் கல் என்ற பொருளில் கன்னடத்தில் வைத்த பெயர்தான் ஒகேனக்கல் என்று அங்கே நின்றபடி அவர்களுக்குச் சொல்லுங்கள். பள்ளியில் போய்ச் சொல்ல அவர்களுக்கும் ஒரு கதை கிடைக்கும்.

அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களுக்கு, செலவில்லாத இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்கு அக்காவோ சித்தியோ கிராமத்தில் இருந்தால் பிள்ளைகளோடு இரண்டு நாள் போய் இருங்கள். கோடையென்றால் மாமரத்தடி. அரையாண்டு விடுமுறையென்றால் அது எங்கள் பக்கத்தில் அவரையும் மொச்சையும் காய்க்கிற பருவம். சிறு வயதில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் என் பெரியம்மா வீட்டில் கழித்த விடுமுறையை நினைத்தால் எனக்கு அந்தப் பச்சை மொச்சையின் வாசனைதான் முதலில் வரும். இரவே உரித்து அலுமினியக் குண்டானில் ஊறப்போட்டு வைத்திருப்பார். காலையில் பனி விலகாத முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கொட்டையையும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிதுக்கினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே துள்ளும். யாருடைய பருப்பு அதிக தூரம் போகிறது என்று எங்களுக்குள் போட்டி. பிறகு அந்தப் பிதுக்கம்பருப்புச் சாம்பாரும் ராகிக் களியும்.

ஆனால் உறவினர் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அடுப்படியே கதி என்று பெண்கள் ஆகிவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். போகும்போதே கூடமாட ஒரு வேளைச் சமையலை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள். தையல் எந்திரத்தில் குனிந்து குனிந்து உங்கள் கழுத்து வலித்துக்கொண்டிருக்கும். சுமை தூக்கிய தோளோடு வருகிற உங்கள் கணவரும் திண்ணையில் படுத்துத் தூங்கட்டும், யாரும் எழுப்ப வேண்டாம். பிள்ளைகள் முற்றத்தில் பருப்புப் பிதுக்கிக்கொண்டிருக்கும்போது நீங்களும் அவர்களோடு உட்கார்ந்துகொள்ளுங்கள்.